அமலோற்பவம் போட்ட பாட்டு

வியாசர்பாடியில் ஹிப்-ஹாப் டிஜே வகுப்பு நடத்திய ரெக்ஸ் மாஸ்டரிடம் ஒயர் மாட்டும் வேலை பார்த்தாள் அமலோற்பவம். தானும் படிக்க வேண்டுமென்று இரண்டு வருஷமாகக் கேட்டாள். ஆண்டுவிழா மேடையில் அவர் இரண்டு இசைத்தட்டுகளைக் கையால் சுழற்றிச் சுழற்றிப் பாட்டுப் போட்டு முடித்ததும் மறுபடி கேட்டாள்.

"இப்ப நான் போட்டதை ஒரு பீட் பிசகாம போடு, சேத்துக்கிறேன்," என்று மைக்கிலேயே சிரித்தார் மாஸ்டர்.

அவள் மாஸ்டரின் லேப்டாப்பில் ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அதே பாட்டுகள் பிசகாமல் கலந்து ஒலித்தன. இசைத்தட்டுகள் அசையவே இல்லை.

"என்ன பண்ற?"

"நீங்க பண்ணதைத்தான் மாஸ்டர். தட்டுக்கு ஒயர் மாட்ட வேணாம்னு காலையில சொன்னீங்களே."

மாஸ்டர் தலைகுனிந்தார். அவள் பாட்டை நிறுத்தி, ஒயரை மாட்டி, விரலைத் தட்டின்மேல் வைத்தாள். முதல் பீட்டே தப்பியது. அரங்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.