காய்ச்சல் அடித்த குற்றத்துக்காக

ரொம்ப காலத்துக்கு முன்னால் அரளிநாட்டை அமரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுவார். இரண்டையும் கோபமாகவே போடுவார்.

ஒரு வருஷம் அந்த நாட்டில் விஷக்காய்ச்சல் பரவியது. பக்கத்து நாட்டு ராஜாவிடமிருந்து ஓலை வந்தது. "எங்கள் நாட்டில் நாற்பது பேருக்குக் காய்ச்சல். உங்களிடம் எத்தனை பேர், எந்தெந்த ஊரில் என்று எழுதினால் சேர்ந்து தடுக்கலாம்."

"நாற்பதா? அவனைவிட நமக்குக் குறைவாக இருந்தாக வேண்டும்!" என்று ராஜா சுகாதார அதிகாரி சபாரஞ்சிதரைப் பார்த்தார். "எத்தனை பேர்?"

"ஒருவரும் இல்லை, மகாராஜா. அதற்கும் கீழே போக வழி உண்டா என்று அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

அன்று முதல் தமுக்கடிக்கும் மாடக்கண்ணு தெருத்தெருவாகப் போய், "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நாட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை!" என்று கத்தினான். போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது. "அப்படியா, சந்தோஷம்" என்று நடுங்கிக்கொண்டே உள்ளே போய்விட்டது.

சபாரஞ்சிதரின் ஆட்கள் தெருவுக்குள் வந்தால் ஜனங்கள் நோயாளியைப் பரணில் ஏற்றினார்கள். எண்ணிக்கை கெடாமலிருக்க ஆளையே ஊர் கடத்திவிடுவார்கள் என்று பேச்சு.

ஐந்தாம் நாள் மாடக்கண்ணுவின் மனைவி பூவாயி படுத்துவிட்டாள். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மாடக்கண்ணு செம்பை எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினான்.

"கஷாயம் காய்ச்சலுக்குத்தான்" என்றான் காவலாளி. "காய்ச்சல் நாட்டில் இல்லை. நீதானே காலையில் சொன்னாய்?"

"சொல்லச் சொன்னதைச் சொன்னேன் அண்ணே."

"நன்றாகத்தான் சொன்னாய். கதவைப் பூட்டிவிட்டார்கள்."

மாடக்கண்ணு வீட்டுக்கு வந்தான். பூவாயியால் கண் திறக்க முடியவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால் ஆள் தேறமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கூடவே, எப்போதோ அவனே தமுக்கடித்துச் சொன்ன ஒரு சட்டமும் ஞாபகம் வந்தது. நேராக அரசவைக்குப் போனான்.

"குற்றவாளி ஒருத்தியைப் பிடித்துக் கொடுக்க வந்திருக்கிறேன், மகாராஜா."

"யார் அவள்?"

"என் பெண்சாதி. காய்ச்சல் இல்லை என்று தாங்கள் உத்தரவு போட்ட பிறகும் மூன்று நாளாகக் காய்ச்சல் அடிக்கிறாள். காதுக்குப் பக்கத்திலேயே தமுக்கடித்தும் பார்த்தேன், நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை."

"என்ன திமிர்!" ராஜா சிம்மாசனத்தில் நிமிர்ந்தார்.

சபாரஞ்சிதர் பதறினார். "மகாராஜா, காய்ச்சலே இல்லாதபோது அவளுக்கு எப்படி வரும்?"

"ஐயா சொல்வதும் சரிதான்" என்றான் மாடக்கண்ணு. "அப்படியானால் அவள் பொய்யாக நடுங்குகிறாள். ராஜ அறிவிப்பை எதிர்த்துப் பொய் நடுக்கம்! அது இன்னும் பெரிய குற்றம் இல்லையா?"

"பிடித்து உள்ளே போடுங்கள்!" என்றார் ராஜா.

அரளிநாட்டுச் சட்டப்படி, தண்டனை சொல்லும்வரை கைதி சாகக் கூடாது. ராஜாவுக்குத் தண்டிக்கிற சந்தோஷம் போய்விடும் அல்லவா? அதனால் பூவாயிக்கு மூன்று வேளை கஞ்சி, தனி அறை, அரண்மனை வைத்தியர், வேளைக்கு ஒரு செம்பு கஷாயம்.

சேதி தெருவுக்கு எட்டியது. மறுநாள் விடிந்தபோது சிறை வாசலில் பெரிய வரிசை.

"ஐயா, நான் நாலு நாளாகக் குற்றவாளி."

"தள்ளிப்போய்யா, நான் என் மாமியாரையும் கொண்டுவந்திருக்கிறேன், இரண்டு குற்றம்."

சிறை எழுத்தருக்கு வழக்கமான கேள்விகள்தான் தெரியும். பெயர் என்ன? எந்தத் தெரு? குற்றம் என்றைக்கு ஆரம்பித்தது? கூட்டாளிகள் யார் யார்? எங்கே கூடினீர்கள்? பரணில் ஒளிந்திருந்தவர்களெல்லாம் இறங்கி வந்து ஒன்று விடாமல் சொன்னார்கள். மூன்று நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். முக்கால்வாசிப் பேர் கூடிய இடம் ஒன்றே: கொல்லர் தெருக் கிணற்றடி.

ஏட்டைப் பார்த்த ராஜா மேஜையைக் குத்தினார். "கலகத்துக்குத் தலைமை அந்தக் கிணறுதான்! மூடுங்கள் அதை!"

கிணற்றை மூடினார்கள். பத்து நாளில் வரிசை குறைந்து நின்றது. பூவாயி எழுந்து உட்கார்ந்து, சிறைக் கஞ்சியில் உப்பு போதவில்லை என்று சண்டை பிடித்தாள்.

கலகத்தை அடக்கிய மகிழ்ச்சியில் ராஜா மாடக்கண்ணுவைக் கூப்பிட்டார். "கட்டின மனைவியையே காட்டிக்கொடுத்தாயே! அவ்வளவு ராஜ விசுவாசமா?"

"இல்லை மகாராஜா. கஷாயத்துக்காக."

ராஜா ஏட்டைப் பார்த்தார், சபாரஞ்சிதரைப் பார்த்தார்.

"சிறையில் நானூற்றுப் பன்னிரண்டு. உன் கணக்கில் ஒருவரும் இல்லை. திருடனைப் பிடிக்கிற எழுத்தருக்குத் தெரிந்தது உனக்கு ஏன் தெரியவில்லை?"

"என்னிடம் யாரும் சொல்லவில்லை, மகாராஜா."

"சொன்னால் எழுதியிருப்பீர்களா ஐயா?" என்று மாடக்கண்ணு கேட்டான்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிச் சிரிப்பு தன் மேல்தான் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். சிறை ஏட்டை அப்படியே பிரதி எடுத்துப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பச் சொன்னார். மாடக்கண்ணுவுக்குப் பத்து காணி நிலம். இனி எண்ணிக்கையை ஏட்டில் தானே பார்க்காமல் அவன் எதையும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டியதில்லை. சபாரஞ்சிதருக்குத் தண்டனை வேறு மாதிரி: வீடு வீடாகப் போய் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவரே கேட்டு எழுத வேண்டும்.

முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"யாரது?"

"சுகாதார அதிகாரி."

"வீட்டில் யாரும் இல்லை" என்று உள்ளேயிருந்து நாலு குரல் கேட்டது.

ஒரு மாதம் இப்படி அலைந்ததில் அவருக்கே காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அன்று வைத்தியசாலை திறந்துதான் இருந்தது. நடுத்தெருவில் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். உள்ளே பெயர் எழுதுவது தன் ஆட்கள்தான் என்பது ஞாபகம் வந்தது. பிறகு சிறை வாசலுக்குப் போய், விலங்கு மாட்ட வசதியாக இரண்டு கையையும் நீட்டினார்.