ராக்கியண்ணன் வாயில் இருந்த கருத்து

தலையாட்டிப்புதூரில் மழைக்குத்தான் பஞ்சம், கருத்துக்குப் பஞ்சமே கிடையாது. தினமும் காலையில் டீக்கடை பெஞ்சில் சென்னியப்பன் பேப்பரை விரித்துச் சத்தமாகப் படிப்பார். ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் விட்டுவிட்ட செய்தி உலகத்தில் நடக்காத செய்தி.

அதிலும் சுற்றுச்சூழல் செய்தி என்றால் ஊருக்கே கொள்ளைப் பிரியம். அரசியலைப் பற்றிப் பேசினால் அடிதடி வரும். சினிமாவைப் பற்றிப் பேசினால் வீட்டில் திட்டு விழும். பூமி சூடாகிறது என்று பேசினால் யாருக்குமே கோபம் வராது பாருங்கள்.

"வெயில்ல இருந்து கரண்டு எடுக்கறாங்களாமா," என்பார் சென்னியப்பன்.

ஊர்த் தலைவர் நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைப்பார். "அவங்க பாட்டுக்கு எடுத்துக்கிட்டே போனா, நாம மொளகா காய வெக்கறதுக்கு வெயிலு மிஞ்சுமுங்களா?"

எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டிவிட்டால் அந்தக் கருத்து நிறைவேறியது என்று அர்த்தம். அடுத்த செய்திக்குப் போகலாம்.

"சத்தமே இல்லாம ஓடற பேட்டரி வண்டி வந்துருக்குதாமா."

"அப்ப ஓட்டறவரு வாயிலயே டுர்ருன்னு சொல்லிக்கிட்டு வரோணும். இல்லீன்னா கோழிக்கு எப்படித் தெரியும்?"

தலையாட்டல்.

"வடக்க பனிமலையெல்லாம் உருகுதாமா."

"உருகற சாமானத்தைக் கொண்டுபோய் எதுக்குங்க வெயில்ல வெச்சாங்க?"

இதற்குத் தலையாட்டியே இரண்டு பேருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

இந்த ஊரில் கருத்தே நிறைவேறாத ஒரே மனிதர் ராக்கியண்ணன். அவருக்குக் கருத்து இல்லாமல் இல்லை. மெதுவாக வரும், அவ்வளவுதான். இன்றைக்குக் கேட்ட செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பிட்டு, படுத்து, எழுந்து, பல் விளக்கும்போதுதான் அவருக்குக் கருத்து உதிக்கும். ஓடி வந்து சொல்லுவார். அதற்குள் ஊர் அடுத்த நாள் பேப்பரில் வந்த திமிங்கலச் செய்திக்குப் போயிருக்கும்.

"அது நேத்தே முடிஞ்சு போச்சுங்க மச்சான்," என்று சென்னியப்பன் பேப்பரைப் புரட்டிவிடுவார். ராக்கியண்ணனுக்கு அழுகை அழுகையாக வரும். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கருத்து, ஊரே தலையாட்ட வேண்டும். மனுஷன் சாமியிடம் வேறு எதுவுமே கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் ஜீப்பில் அதிகாரி அம்மா ஒருவர் வந்தார். ராக்கியண்ணன் வீட்டை ஒட்டியிருந்த பொது இடத்தில் பெரிய மழைநீர்க் குழி ஒன்றை வெட்டச் சொன்னார். வெட்டி முடிந்ததும் ஊரைக் கூட்டிப் பேசினார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. இனிமே மழைத்தண்ணி ஒரு சொட்டுக்கூட இந்த ஊரைத் தாண்டிப் போகக்கூடாது. எல்லாம் இந்தக் குழிக்குள்ளதான் போகணும். பத்திரமாப் பார்த்துக்குங்க. நான் மறுபடி வருவேன். அப்ப இந்தத் திட்டத்தைப் பத்தி உங்க கருத்தை ஒருத்தர் எனக்குச் சொல்லணும்."

ஜீப் போனதும் ஊர் கூடி யோசித்தது. குழியை யார் பார்த்துக்கொள்வது? குழிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று முடிவாயிற்று. தலைவர் தன் வீட்டில் கிடந்த பழைய கண்டக்டர் விசிலை எடுத்துவந்து ராக்கியண்ணன் கழுத்தில் மாட்டினார்.

"மச்சான், தண்ணி பத்திரமா இருந்துச்சுன்னா, அந்தம்மாகிட்டக் கருத்து சொல்லறவரு நீங்கதான்."

ராக்கியண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலமே கருத்தை யோசிக்க உட்கார்ந்துவிட்டார். அதிகாரி வருவதற்கு நாள் இருக்கிறது. இந்தத் தடவை கருத்து தாமதமாக வரட்டுமே, என்ன கெட்டுப்போயிற்று?

சொல்லிவைத்தாற்போல மழை கொட்டியது. ராக்கியண்ணன் விசிலைக் கவ்விக்கொண்டு ஊர் எல்லைக்கு ஓடினார். ஒரு சொட்டுக்கூடத் தாண்டக் கூடாதல்லவா? முதலில் அகப்பட்டவர் தலைவரின் சம்பந்தி. விருந்துக்கு வந்துவிட்டு நனைந்தபடியே ஊருக்குக் கிளம்பியிருந்தார்.

"நில்லுங்க! வேட்டில எவ்வளவு தண்ணி வெச்சிருக்கீங்க?"

"மழையில நனஞ்சுட்டனுங்க."

"எங்கூர் மழைங்க அது!"

சம்பந்தியைக் குழிக்கு அழைத்துப்போய் வேட்டி, சட்டை, துண்டு எல்லாவற்றையும் பிழிந்து, மீசையையும் ஒரு தடவை உருவிவிட்டு அனுப்பினார்கள். அடுத்து மந்தைக்குப் போன ஆடுகளை உலுக்கினார்கள். அதற்கடுத்து டவுன் பஸ்ஸை மறித்துக் கூரையைத் துடைத்துத் துணியைக் குழியில் பிழிந்தார்கள். டிரைவர் இறங்கி வந்து என்னென்னவோ கேட்டார். கடைசியில் அவர் நெற்றியையும் ஒற்றி எடுத்துக்கொண்டுதான் விட்டார்கள்.

மழை நின்றபோது குழி நிறைந்திருந்தது. ஊரே சுற்றி நின்று பார்த்தது. தலைவர் விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தார். தண்ணீருக்குள் அவர் முகம் தெரிந்தது.

"ஏனுங்க, நானும் உள்ளதான் இருக்கறனுங்க," என்றார் பெருமையாக.

மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் முழங்கால் அளவு இறங்கியிருந்தது. ராக்கியண்ணன் விசிலை ஊதினார். ஊர் கூடியது.

"திருட்டுத்தான், சந்தேகமே இல்லீங்க," என்றார் சென்னியப்பன்.

"யாரு திருடியிருப்பா?"

"வெயிலாத்தான் இருக்கோணும். கரண்டைத்தான் அவங்க எடுத்துக்கிட்டாங்களே, வெறும் வயித்தோட வந்துருக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. பந்தலுக்குக் கட்டும் பெரிய தார்ப்பாயைக் கொண்டுவந்து குழியை இறுக்கி மூடினார்கள். அன்று ஒரு மழை பெய்தது. தார்ப்பாய் மேல் விழுந்த தண்ணீர் எல்லாம் வழிந்து தெருவோடு போயிற்று. அதைப் பிடிக்க ஓடியவர்களை ராக்கியண்ணன் கை காட்டி நிறுத்தினார். "அது கெடக்குதுங்க. உள்ள இருக்கறதை மொதல்ல காப்பாத்துவோம்!"

தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் குழி இன்னும் இறங்கியிருந்தது. கொஞ்ச நாளில் அடியில் வெறும் சேறுதான் மிச்சம்.

ராக்கியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. விசிலைத் தலைவர் கழற்றிக்கொள்வார், கருத்தும் போயிற்று என்று மூலையில் உட்கார்ந்திருந்தார். அப்போது கொல்லைப்புறத்திலிருந்து அவர் மனைவி பாவாயி கூவினார்.

"ஏனுங்க மாமா! நம்ம கெணத்துல தண்ணி வந்துருக்குதுங்க!"

வருஷக் கணக்காக வறண்டு கிடந்த கிணறு அது. பாவாயி அதில் உடைந்த குடத்தைப் போட்டு வைத்திருந்தார். இப்போது அந்தக் குடம் மிதந்துகொண்டிருந்தது. பாவாயி சந்தோஷத்தில் கத்திய கத்தலில் ஊரே கொல்லைக்கு வந்துவிட்டது. தலைவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே திரும்பினார்.

"மச்சான், இது நம்ம குழித் தண்ணியேதான்."

"எப்படிங்க சொல்லறீங்க?" என்றார் பாவாயி.

"அன்னிக்குக் குழியில நான் இருந்தேன். ஊரே பாத்துச்சு. இன்னிக்கு அதே நான் இங்க இருக்கறேன். அதே மூஞ்சி, அதே பொட்டு. தண்ணியோட என்னையுமில்ல தூக்கிட்டு வந்துருக்காங்க!"

இதற்கு மேல் சாட்சி எதற்கு? எல்லோரும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். எல்லோருமே உள்ளே இருந்தார்கள். ஊரையே திருடிக் கிணற்றில் போட்டிருக்கிறான் மனுஷன் என்று பேச்சு எழுந்தது.

ராக்கியண்ணனே நம்பிவிட்டார். "பாவாயி, நான் தூக்கத்துல எந்திரிச்சுப் போய் எறச்சிருப்பனா?"

"தூக்கத்துல வெலகுன போர்வையை இழுத்துப் போத்திக்க மாட்டீங்க. நீங்களா எறச்சிருப்பீங்க?"

"யாருக்குத் தெரியும், முழிச்சிருக்கறப்ப இல்லாத சுறுசுறுப்பு தூக்கத்துல வந்துருக்குமோ என்னமோ."

தலைவர் தீர்ப்புச் சொன்னார். திருடின தண்ணீர் அத்தனையையும் குழியிலேயே திருப்பிக் கொட்ட வேண்டும். ஒரு சொட்டு குறையக் கூடாது. கொட்டிவிட்டால் விசிலும் கருத்தும் அவருக்கே. அதிகாரி அம்மா மறுநாள் வருவதாகத் தகவல் வந்திருந்ததால் ஊரே கை கொடுத்தது. விடிந்ததும் விடியாததுமாகக் கிணற்றிலிருந்து குழி வரைக்கும் வரிசையாக நின்று குடம் குடமாகக் கை மாற்றினார்கள். குழி ஏற ஏற ராக்கியண்ணன் முகம் மலர்ந்தது. கருத்தும் தயாராகிவிட்டது. நாள் கணக்காக யோசித்த கருத்து, நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது.

குழி விளிம்பு தட்டி நின்றது. கிணற்றைப் பார்த்தால், அடிப் பாறையின் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஒட்டியிருந்தது. வாளியில் வரவில்லை. துணியில் ஒற்றினால் துணி குடித்துவிடும். ஒரு சொட்டு குறையக் கூடாது என்பதல்லவா தீர்ப்பு? ராக்கியண்ணன் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினார். மண்டியிட்டு அந்தத் தண்ணீரை வாயாலேயே உறிஞ்சி எடுத்தார். கன்னம் இரண்டும் உப்ப, மூச்சை மூக்கால் விட்டுக்கொண்டு மேலே ஏறி வந்து குழியை நோக்கி ஓடினார்.

குழியில் இடமில்லை. இன்னும் ஒரு வாய் ஊற்றினால் வழிந்து தெருவுக்குப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது.

அதிகாரி அம்மா இறங்கிக் குழியைப் பார்த்துத் திகைத்தார். "மழை பெஞ்சு இத்தனை நாளாச்சு, குழி எப்படி ரொம்பியிருக்கு? தண்ணி கீழ இறங்கியிருக்கணுமே!"

"எறங்குச்சுங்கம்மா," என்றார் தலைவர் பணிவாக. "புடிச்சு மறுபடி மேல கொண்டாந்துட்டோமுங்க."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு இதுக்குக் காவல்?" ஊரே ராக்கியண்ணனை முன்னால் தள்ளியது. "ஐயா, நீங்களே சொல்லுங்க. உங்க கருத்து என்ன?"

பாவம், ராக்கியண்ணனின் வாழ்நாள் ஆசை எதிரே வந்து நின்று கேட்கிறது. வாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டிவிடும். விழுங்கினால் திருட்டு. கண்ணில் நீர் முட்டியது. அதையாவது வீணாக்காமல் இருப்போம் என்று தலையை அண்ணாந்து கண்ணுக்குள்ளேயே தேக்கிக்கொண்டார்.

"ஏன் பேச மாட்டேங்கறாரு?"

ஊரே ஒரே நேரத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தது. சம்பந்தியின் வேட்டி, வெயிலின் வெறும் வயிறு, கிணற்றுக்குள் தலைவர், தூக்கத்தில் இறைப்பு என்று எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. அதிகாரி அம்மா காதைப் பொத்திக்கொண்டார். தலை சுற்றியது. கடைசியில் ராக்கியண்ணனைக் காட்டிக் கத்தினார்.

"போதும்! இவரைப் பாருங்க. நீங்க எல்லாரும் அப்படியே இவரை மாதிரி இருங்க. ஊரு தானா உருப்பட்டுரும்!"

ஏறினார். ஜீப் பறந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் அப்படி ஓர் அமைதி. சென்னியப்பன் பேப்பரை விரித்தார், படிக்கவில்லை. கன்னங்கள் உப்பியிருந்தன. தலைவருக்கு உப்பியிருந்தன. டீக்கடைக்காரருக்கும் உப்பியிருந்தன. விடியும்போதே ஊர் முழுக்கக் குழிக்குப் போய் ஆளுக்கொரு வாய்த் தண்ணீர் அடக்கிக்கொண்டு வந்திருந்தது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. யார் வாயில் இடமிருக்கிறது, குடிப்பதற்கு?

அந்த ஒவ்வொரு வாய்க்கும் குழி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நேற்றெல்லாம் வாயைத் திறக்காமல் கிடந்த ராக்கியண்ணனுக்கு இடம் விட்டது. ஊர் கிளம்பிய பிறகு அவர் மெதுவாக எழுந்து வந்து, தன் வாயில் இருந்ததைப் பொறுப்பாகக் குழியில் சேர்த்துவிட்டு, கடைசி ஆளாக டீக்கடைக்கு வந்தார்.

சுற்றிலும் பார்த்தார். பேச்சை மறிக்க ஆளில்லை. நேற்றே முடிந்து போயிற்று என்று சொல்லவும் ஆளில்லை. ராக்கியண்ணன் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு என்ன படுதுன்னாங்க," என்றார். "மழை வர்றதுக்கு முன்னாலயே நாம குழியை ரொப்பி வெச்சுட்டா, அப்புறம் மழையே தேவையில்லீங்க."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கண்ணை அகல விரித்தார்கள். இவ்வளவு பெரிய கருத்து இந்த ஊரில் இதுவரை வந்ததில்லை. பிறகு, கன்னங்கள் குலுங்க, ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள்.

ஆட்டிய வேகத்தில் தலைவர் மடக்கென்று விழுங்கிவிட்டார்.

ராக்கியண்ணன் விசிலை எடுத்து ஊதினார்.