எருமைக்காரிக்கு வழக்குரைஞர் கிடையாது

வழக்குரைஞர் வைக்க வழியில்லாத ஏழைகளுக்கு அரண்மனையே ஒருவரைத் தரும் என்று மேலக்கோட்டை அரசர் கோதண்ட பூபதி பறையறைவித்தார். நல்ல காரியம்தான். ஆனால் இருந்தது ஒரே ஆள். வந்த கூட்டத்தைப் பார்த்து அந்த மனிதர் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டார்.

"இன்னும் சிலரை நியமியுங்கள்" என்றார் அரசர்.

"செலவாகும், அரசே. அதைவிட ஏழைகளைக் குறைத்துவிடலாம்" என்றார் பிரதானி நாகலிங்கம்.

குறைத்தும் காட்டினார். நாலு கால் உள்ள எதை வைத்திருந்தாலும் அவர் ஏழை அல்ல என்று விதி போட்டார். கயிற்றுக் கட்டில் வைத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மிராசுதார் கனகராயர், தன் எருமையைத் திருடிவிட்டாள் என்று வெள்ளச்சி மேல் வழக்குப் போட்டார். அவர் பக்கம் மூன்று வழக்குரைஞர்கள். வெள்ளச்சியோ அந்த எருமையின் பாலை விற்றுப் பிழைப்பவள். தோற்றால் எருமையும் போகும், அவளும் சிறைக்குப் போவாள். தனக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று சபையில் வந்து நின்றாள்.

"உனக்குக் கிடையாது. உன்னிடம் எருமை இருக்கிறது" என்றார் பிரதானி.

"வழக்கே அதுக்குத்தானே சாமி" என்றாள் அவள்.

அவைப்புலவர் தாண்டவர் மெல்ல எழுந்தார். "பிரதானியாரே, எருமை இவளுடையதுதானா? நன்றாக விசாரித்தீரா?"

பிரதானிக்கு ரோஷம் வந்துவிட்டது. "விசாரிக்காமல் சொல்வேனா? தெருவே சாட்சி சொல்கிறது. இவள் கொட்டிலில் பிறந்த கன்று, இவளே வளர்த்தது."

"வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாதே?"

"கொண்டாடினால் அவன் பொய்யன்."

தாண்டவர் மிராசுதார் பக்கம் திரும்பினார். "கேட்டீரா, ஐயா?"

மூன்று வழக்குரைஞர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிரதானிக்கு அப்போதுதான் உறைத்தது. "அதாவது... ஒருவேளை இவளுடையது இல்லாமலும் இருக்கலாம்."

"அப்படியானால் இவளிடம் ஒன்றுமே இல்லை. நம் வழக்குரைஞரை எழுப்பச் சொல்லுங்கள்."

அரசர் சிரித்துக்கொண்டே வழக்கைத் தள்ளுபடி செய்தார். "தாண்டவரே, என்ன பரிசு வேண்டும்?"

"வாதாடியது நானில்லையே, அரசே. மூன்று பேரை ஒற்றை ஆளாக மடக்கியவர் பிரதானியார். இவரை ஏழைகள் பக்கம் நிறுத்துங்கள். தனிச் சம்பளம்கூட வேண்டாம்."

அரசர் அப்படியே ஆணையிட்டார்.

வெள்ளச்சி பிரதானி முன் வந்து கும்பிட்டாள். "நல்லாப் பேசினீங்க சாமி. எங்க தெருவிலே இன்னும் நாலஞ்சு வழக்கு கெடக்கு. காலையிலேயே வரச் சொல்றேன்."