தங்கக் கால் ஆமை

நாணல் காட்டுக் குளத்தில் திம்மன் என்ற ஆமை இருந்தது. ஒருநாள் குரங்கு, காட்டுக்குள் இடிந்து கிடந்த அரண்மனையிலிருந்து பழைய நகைப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து குளக்கரைப் பாறையில் வைத்தது.

ஆமை ஓடு பதித்த பெட்டி அது. தேன்நிற ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே பொன்கம்பி கொடிகொடியாக ஓடியது. அடியில் நான்கு குட்டைக் கால்கள், அவையும் பொன்!

திம்மன் அதுவரை பெட்டியையே பார்த்ததில்லை. "ஓடு இருக்கு. நாலு கால் இருக்கு. தலையை உள்ளே இழுத்துக்கிட்டான். அப்போ இவனும் ஆமைதான்!" என்று முடிவுகட்டிவிட்டது.

மயிலும் மானும் ஓடிவந்தன. "அடேயப்பா! ஆமை ஓடு இவ்வளவு அழகா!" என்று மான் வாய்பிளந்தது.

திம்மனுக்கு வயிறு எரிந்தது. "நாற்பது வருஷமா இங்கேயே கிடக்கிறேனே! என் ஓட்டை யாராவது புகழ்ந்ததுண்டா?"

"உன் ஓடா? நேத்துகூடக் கல்லுன்னு நினைச்சு அதுமேல உட்கார்ந்து நாவற்பழம் தின்னேன்!" என்று குரங்கு சிரித்தது.

அன்றிலிருந்து திம்மனுக்கு இரை இறங்கவில்லை. பாறைக்குப் போய், "ஏய்! வெளியே வாடா! என் குளத்துல வந்து மினுக்கிறியா?" என்று கத்தியது. பதிலே இல்லை. "பார்த்தீங்களா திமிரை!" என்று பொருமியது.

கடைசியில் மரங்கொத்தியைப் பிடித்தது. "அக்கா, அவன் முதுகுத் தங்கத்தைப் பிடுங்கி என் முதுகுல பதிச்சுவிடு!"

"முதல்ல பள்ளம் தோண்டணுமே தம்பி. வலிக்கும்!"

"அவனே பொறுத்துக்கிட்டான், எனக்கென்ன? கொத்து!"

மரங்கொத்தி ஒரே ஒரு கொத்துதான் கொத்தியது. திம்மன் போட்ட அலறலில் குளத்துக் கொக்கெல்லாம் பறந்துவிட்டன. ஓட்டில் ரத்தம் கசிந்தது. பாவம், ஆமைக்கு ஓடு என்பது சட்டையா என்ன? அதுவும் உடம்புதானே!

அந்த வலியிலும் அதற்குப் பொறாமைதான் முந்தியது. "எனக்கு ஒரு கொத்துக்கே உயிர் போகுது. இவன் மட்டும் எப்படித் தாங்கினான்? கேட்டே தீருவேன்!" தட்டுத்தடுமாறிப் பாறையில் ஏறி, மூடிக்குக் கீழே மூக்கை நுழைத்து நெம்பியது. மூடி திறந்துகொண்டது.

உள்ளே தலை இல்லை. கழுத்து இல்லை. கிழிந்த பட்டுத் துணி மட்டும் கிடந்தது.

"அக்கா! ஆமை எங்கே?"

மரங்கொத்தி எட்டிப் பார்த்தது. "அதைக் கொன்ன பிறகுதான் தம்பி மனுஷங்க தங்கம் வச்சிருக்காங்க."

திம்மன் பெட்டியின் ஓட்டை மெல்லத் தடவி, "உன்னையா இத்தனை நாள் திட்டினேன்?" என்று அழுதது. பிறகு குளத்தில் இறங்கி, முதுகு நிறையச் சேற்றைப் பூசிக்கொண்டது.

மறுநாள் குரங்கு வந்து கல்லென்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்தது. திம்மன் மூச்சுவிடவில்லை. "நல்லா உட்காரு!" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது.

ஒருவருடைய பகட்டைக் கண்டு பொறாமைப்படுவதற்கு முன், அதற்காக அவர் எதை இழந்தார் என்று பார்க்க வேண்டும்.