எங்க வலிக்கு?

"எடையை எப்பத்தான் கண்ணுல காட்டுவிய, மாஸ்டர்?"

கேட்டவள் செலஸ்தீனா. ஐம்பதைத் தாண்டிய மீன்காரி. மாஸ்டர் என்பது பொன்ரதி. செலஸ்தீனாவைவிடப் பதினைந்து வயசு இளையவள்.

பொன்ரதி இரும்புக் கம்பியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எங்க வலிக்கு, அக்கா?"

"எங்கயும் இல்ல."

"அப்ப இன்னைக்கு எடை கெடையாது."

வந்த நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில், இதே தீர்ப்பு. செலஸ்தீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? விடிந்தும் விடியாமலும் மீன் கூடையைத் தலையில் ஏற்றி ஊர் ஊராய் நடக்கிறவளைப் பழைய உப்புக் கிட்டங்கிக்குள் கூப்பிட்டு, ஸ்டூலில் உட்கார், எழுந்திரு, மறுபடி உட்கார் என்றால்?

பொன்ரதி ஒரு காலத்தில் பளுதூக்கும் போட்டிகளில் மெடல் வாங்கினவள். இப்போது ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய அந்தக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து ஜிம் நடத்துகிறாள். ஊரே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். செலஸ்தீனாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். கோபம் வந்தால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் இழுப்பாள்.

"மாஸ்டர்... நான் சப்பரம் தூக்க வந்தவ. ஸ்டூல் தேய்க்க வரல."

"தெரியும்க்கா. படி ஏறுங்க."

சப்பரச் சங்கதி இதுதான்.

அந்த ஊர் மாதா கோயில் திருவிழாவில் மாதா சிலை வைத்த சப்பரம் தூக்குவது ஆம்பளைகள். ஆறு பேர். ஒவ்வொரு இடமும் ஒரு வீட்டுக்குச் சொந்தம். வருசம் பூரா மாதாவின் கிரீடத்தைத் துலக்குவதும், பட்டுக்கு ஜரிகை தைப்பதும், சப்பரத்துக்குப் பூக் கட்டுவதும் பொம்பளைகள். தோளில் ஏற்றுகிற நேரம் வந்தால் மட்டும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்துப் பின்னால் வரச் சொல்லிவிடுவார்கள். என்ன நியாயமோ.

வலது முன்கொம்பு, அதாவது சப்பரக் கம்பின் வலது முன்முனை, செலஸ்தீனா வீட்டு இடம். புருசன் கஸ்பார் இருந்தவரை அவர் நின்றார். போன திருவிழாவோடு அவர் போய்விட்டார். பிள்ளை கிடையாது. இடம் அவர் தம்பி தொபியாசுக்கு என்று திருவிழாக் கமிட்டி முடிவு பண்ணியது.

செலஸ்தீனா கூட்டத்துக்கு நடுவில் எழுந்தாள்.

"அது என் வீட்டு எடம். நான் நிப்பேன்."

"மைனி, அது மீன் கூடை இல்ல," என்றான் தொபியாஸ். கூட்டம் சிரித்தது.

"கூடையை ஒரு நாள் நீ தூக்கிப் பாத்துட்டுச் சொல்லு, கொழுந்தா."

இப்போது பொம்பளைகள் சிரித்தார்கள். பிறகு யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு கத்தல்.

கடைசியில் கமிட்டி இறங்கி வந்தது, ஒரு கொக்கியோடு. கோயில் வாசலிலிருந்து, சிலுவை நட்ட குருசடி முக்கு வரை பொம்பளைகள் தூக்கலாம். அதற்கப்புறம் வழக்கம்போல ஆம்பளைகள். நடுவில் சப்பரம் தரையைத் தொட்டால் முன்கொம்பு தொபியாசுக்கு. பிறகு எந்தப் பொம்பளையும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. தொடாமல் போய்ச் சேர்ந்தால் அடுத்த வருசத்திலிருந்து அந்த இடம் செலஸ்தீனாவுக்கு.

அதனால்தான் அவள் இந்தக் கிட்டங்கிக்கு வந்தாள். வந்த இடத்தில் டாக்டரிடம் போய் பிரஷர் பார்த்து வரச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். இப்போது படி.

"காலையில யாருக்கு என்ன மீன் வித்திய, சொல்லிக்கிட்டே ஏறுங்க," என்றாள் பொன்ரதி.

"டீச்சர் வீட்டுக்கு ஊளி. ரைஸ்மில்காரருக்கு நெத்திலி. அவரு எப்பவும் பேரம் பேசுவாரு. இன்னைக்கும்..."

பேச்சு நின்றது. கால் நிற்கவில்லை.

"போதும், எறங்குங்க."

"ஏன்? இன்னும் ஏறுவேன்."

"ஏறுவிய. பேச மாட்டிய."

பொன்ரதி அவள் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி எண்ணினாள். பிறகு மேஜையிலிருந்து ஒரு முழம் பிச்சிப்பூவை எடுத்து நீட்டினாள்.

"வச்சுக்கோங்க."

செலஸ்தீனா வலது கையால் வாங்கி, தலையை நன்றாகக் குனிந்து, அந்த ஒரு கையாலேயே எப்படியோ கொண்டையில் செருகினாள். இடது கை இடுப்பை விட்டு நகரவில்லை.

"எங்க வலிக்கு, அக்கா?"

"எங்கயும் இல்லன்னு சொல்லுதேன்ல."

"சரி. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு என்ன நாளைக்கு? நீங்களும் தொபியாஸ் கட்சிதான். பொம்பளையால முடியாதுன்னு நேராச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே."

பொன்ரதி மறுபடியும் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தாள். செலஸ்தீனா பூவைப் பிடுங்கி மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அவள் இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. போன மழையில் மீன் ஏலக்கூடத்துப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அப்படி. வலது முன்கொம்பில் நிற்கிறவர் இடது தோளில்தான் தாங்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும்? ஊர் முழுக்கப் பரவும், தொபியாஸ் காதுக்குப் போகும், கதை முடிந்தது. செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று அவள் தீர்மானம் பண்ணியிருந்தாள்.

மறுநாளே கடற்கரையில் சொந்தமாகப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். சேக்காளி மரியபுஷ்பம் ஒரு வார்த்தை சொன்னதும் மீன்காரிகள் கூடிவிட்டார்கள். இரண்டு நீளக் கம்பு, நடுவில் ஒரு பலகை, பலகைமேல் உப்பு மூட்டை. ஆறு பேர் தோள் கொடுத்து மணலில் நடந்தார்கள்.

தினம் ஒரு மூட்டை கூட்டினார்கள். ஊரில் இளவட்டங்கள் காலங்காலமாகப் பழகுவது அப்படித்தான். ஓய்வு என்ற பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு மூட்டை.

"எப்படிட்டி இருக்கு?" என்று கேட்பாள் செலஸ்தீனா.

"ஒண்ணுமில்லக்கா," என்பார்கள் எல்லாரும்.

அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். கேட்கவே நன்றாக இருந்தது. நாம் என்ன ஆம்பளைகளுக்குக் குறைச்சலா?

ஒரு சாயங்காலம் பின்கொம்பில் நின்ற மரியபுஷ்பம் சத்தமே இல்லாமல் மடங்கி உட்கார்ந்தாள். பலகை சரிந்தது. மேல் மூட்டை உருண்டு அவள் தலைக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தால் அவ்வளவுதான்.

செலஸ்தீனா ஓடிப் போய் அவளைத் தூக்கினாள். இடுப்பு பிடித்திருந்தது. ரொம்ப நேரமாகவே பிடித்திருந்ததாம்.

"ஏம்ட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? வலிக்குன்னு சொல்ல வேண்டியதுதானே."

மரியபுஷ்பம் அவளை முறைத்தாள்.

"நீங்க சொன்னியளா?"

செலஸ்தீனா அவள் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள்.

மரியபுஷ்பம் விடவில்லை. "தோளைப் பிடிச்சுக்கிட்டு நீங்க பல்லைக் கடிக்கிறது எங்களுக்குத் தெரியாதா? நீங்களே சொல்லல, நான் எப்படிச் சொல்ல?"

கடல் காற்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. செலஸ்தீனா மணலில் உட்கார்ந்துவிட்டாள். போன வருசத் திருவிழா அவள் கண்முன் வந்து நின்றது. அன்றைக்கு அவள் மெழுகுவர்த்தியோடு சப்பரத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். கஸ்பாரின் சட்டை முதுகு பூராவும் நனைந்திருந்தது. வேகமாக முன்னால் போய், "என்ன செய்யுது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, நீ பின்னால போ," என்றார். போனாள். குருசடி முக்கைத் தாண்டி ஒரு தெரு தள்ளிச் சப்பரத்தை இறக்கி வைத்தார்கள். கஸ்பார் லைட் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

கேட்டுவிட்டுப் பின்னால் போனோமே என்பதுதான் ஒரு வருசமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. அந்த மனுசன் சொன்ன பதிலைத்தான் தானும் தினம் கிட்டங்கியில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் அவள் கிட்டங்கி வாசலில் நின்றாள். பின்னால் எட்டு மீன்காரிகள். மரியபுஷ்பத்தைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள்.

பொன்ரதி நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வலிக்கு, அக்கா?"

செலஸ்தீனா வாயைத் திறந்தாள்.

"இடது தோளு. மேல போக மாட்டேங்கு. வலது முட்டி, படி எறங்கையில. மூச்சும் வாங்குது, அதை நீங்களே பாத்திய." அவள் நிறுத்தினாள். "அவரும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு, மாஸ்டர். நான் நம்பிட்டுப் போயிட்டேன்." அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே நின்றாள்.

பொன்ரதி ஸ்டூலை இழுத்து அவளை உட்கார வைத்தாள். மரியபுஷ்பத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மூச்சு வாங்குகிறது என்றதால் செலஸ்தீனாவையும் கூடவே அனுப்பினாள், ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று. இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எடை கொடுத்தாள். ஒரு பாட்டில் தண்ணீர்.

"இதா எடை?"

"இன்னைக்கு இதான்."

"ஊர் பாத்தா சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இடது கையில பிடிங்க."

அதன் பிறகு திருவிழா வரை அந்தக் கிட்டங்கியில் நடந்ததைப் பார்த்து ஆம்பளைகளுக்கு ஒரே இளக்காரம். ஒருத்தி சுவரில் கை ஏற்றுகிறாள், ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள், ஒருத்தி சும்மா நடக்கிறாள். ஒருத்திக்குச் சொன்னதை இன்னொருத்திக்குச் சொல்வதில்லை. ஒரு நாள் தூக்கினால் மறுநாள் வீட்டுக்குப் போ என்று விரட்டினாள் பொன்ரதி. மரியபுஷ்பத்தின் இடுப்பு நேராகிற வரை அவளைக் கம்பு பக்கமே அண்ட விடவில்லை. பாட்டில் போய் மணல் பை வந்தது, பை போய் ஒற்றை மூட்டை வந்தது. ரொம்ப மெதுவாகத்தான் வந்தது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் ஒரு சொல். கம்புக்கு அடியில் யாருக்கு வலித்தாலும் வாய்விட்டு, வலிக்கு, என்று சொல்ல வேண்டும். சொன்னதும் கூட நடந்து வருகிற மூன்று பேரில் ஒருத்தி உள்ளே நுழைந்து தோள் கொடுப்பாள். தெருவே அதிர, மீனு மீனு என்று கூவுகிறவளுகளுக்கு இந்த ஒரு சொல் தொண்டையிலேயே சிக்கியது. முணுமுணுத்தார்கள்.

"குருசடி வரைக்கும் கேக்கணும்," என்றாள் பொன்ரதி.

"வெக்கமா இருக்கு, மாஸ்டர்."

"மறுபடியும்."

திருவிழா அன்று கோயில் வாசலில் ஆறு பெண்கள் தோள் கொடுத்தார்கள். வலது முன்கொம்பில் செலஸ்தீனா. சப்பரம் எழுந்தது. மரியே வாழ்க என்று ஊர் முழங்கியது. பேண்டு வாசித்தார்கள். தொபியாஸ் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தான், எப்போது விழும் என்று தரையைப் பார்த்தபடி.

பாதித் தெருவில் அவள் இடது தோளுக்குள் பழைய வலி தலைதூக்கியது. இன்னும் கொஞ்ச தூரம்தான். பல்லைக் கடித்தால் போய்விடலாம். வெளியே வந்தால் தொபியாஸ் என்ன சொல்வான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவன் குனிந்து அவள் காதருகே, "என்ன மைனி, முடியலையா?" என்றான்.

செலஸ்தீனா தலையை நிமிர்த்தினாள். தெருவுக்கே கேட்கிற மீன்காரிக் குரலில் கத்தினாள்.

"வலிக்கு."

பேண்டு நின்றுவிட்டது. சப்பரத்துக்கு அடியிலிருந்து அப்படி ஒரு சொல்லை அந்த ஊர் கேட்டதே இல்லை. மரியபுஷ்பம் உள்ளே நுழைந்து தோள் கொடுத்தாள். செலஸ்தீனா வெளியே வந்தாள். சப்பரம் ஒரு விரல்கூடத் தாழவில்லை.

"பாத்தியளா, எடத்தை விட்டுட்டாங்க," என்றான் தொபியாஸ் கமிட்டிக்காரர்களைப் பார்த்து.

"எறக்கக் கூடாதுன்னுதான் சொன்னிய. எறங்கிச்சா?" என்றாள் செலஸ்தீனா.

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பின்கொம்பிலிருந்து இன்னொருத்தி, "வலிக்கு," என்றாள். ஆள் மாறியது. பிறகு இடது பக்கத்திலிருந்து. மெழுகுவர்த்தியோடு வந்த பெண்கள் மரியே வாழ்கவுக்கு நடுவில் சிரிக்க ஆரம்பித்தார்கள். தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு செலஸ்தீனா மறுபடி தன் கொம்புக்கு வந்தாள். குருசடி முக்கு வரை நின்றாள். தரை தொடாமலே சப்பரம் பெண்கள் தோளிலிருந்து ஆண்கள் தோளுக்குக் கைமாறியது.

வலது முன்கொம்பில் தொபியாஸ் நின்றான். இடத்தை இழந்த ஆத்திரம் அவன் நடையில் தெரிந்தது. வேண்டுமென்றே வேகமாகப் போனான்.

செலஸ்தீனா கையில் யாரோ மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். அவள் பின்னால் போகவில்லை. பக்கத்திலேயே நடந்தாள்.

கஸ்பார் சாய்ந்து உட்கார்ந்த லைட் கம்பத்தைத் தாண்டும்போது பார்த்தாள். தொபியாஸின் சட்டை முதுகு பூராவும் நனைந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"எங்க வலிக்கு, தொபியாசு?"

"எங்கயும் இல்ல மைனி. நீங்க பின்னால போங்க."

அவள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, கம்புக்கு அடியில் தோளை நுழைத்தாள்.

"அப்ப இன்னைக்கு உனக்கு எடை கெடையாது. வெளிய வா."