மாவு ஒட்டாத பனியன்

ஏரிக்கரை மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தந்தவள் பூரணி. முப்பத்திரண்டு வயது. அவளிடம் பயிற்சி முறை கற்றுக்கொள்ள வந்திருந்தார் தணிகாசலம், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 'எந்தத் தெருப் பெண்ணும் வரலாம்' என்று பலகை எழுதி வாசலில் மாட்டியவர் அவர்தான்.

ஊரின் நாலு தெருவிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். ஏரிக்கு அப்பால் இருந்த இருளர் குடியிருப்பிலிருந்து கன்னியம்மா மட்டும் வந்தாள்.

மாவட்டப் போட்டிக்குப் பெயர் அனுப்ப மறுநாள் கடைசி நாள். தணிகாசலம் பட்டியலோடு பூரணியிடம் வந்தார்.

"மாஸ்டர், கன்னியம்மா பேரை அடிச்சிடலாம்."

"ஏன் சார்?"

"கள்ள ஆட்டம் ஆடுறா. பத்து நாளா பார்க்கிறேன், ஒரு தடவைகூட அவுட் ஆகல."

நடுவர் இல்லாத பயிற்சி ஆட்டத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எதிராளி தொட்டால், தொடப்பட்டவள் தானாகவே கையைத் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும். கன்னியம்மா கையைத் தூக்கியதே இல்லை.

"ரெய்டு போனாலும் பிடிபடுறதில்ல. உடம்புல எண்ணெய் தடவிட்டு வர்றா. இந்தத் தில்லுமுல்லெல்லாம் நான் பார்க்காததா?"

"அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'யாரும் என்னைத் தொடல சார்'ங்கிறா. நேரா கண்ணைப் பார்த்துச் சொல்றா மாஸ்டர். பழகின பொய்."

பூரணி, கோடு போட வைத்திருந்த கோலமாவு வாளியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எல்லார் கையிலும் கொடுங்க. பூசிக்கிட்டு ஆடட்டும்."

தணிகாசலத்துக்குப் பிடித்துப்போனது. தொட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெய் இருந்தால் மாவு அப்பிக்கொள்ளும். வரிசையாக வந்த பிள்ளைகளின் உள்ளங்கையில் ஒவ்வொரு பிடியாக வைத்தார். கன்னியம்மா கையை நீட்டியபோது மேலேயிருந்து தூவினார்.

ஆட்டம் தொடங்கியது. அவர் கன்னியம்மாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போனாள். இரண்டு பேரைத் தொட்டாள். திரும்பி வந்தாள். பிடிக்க வேண்டிய சங்கிலி கைகோத்தபடியே பின்னால் நகர்ந்தது. தொடப்பட்ட இருவரும் கையைத் தூக்கிவிட்டு நேரே குழாயடிக்குப் போனார்கள். வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டார்.

"பாம்பு புடிக்கிற வீட்டுப் பொண்ணுல்ல, பாம்பாட்டம் நழுவுறாடி" என்றாள் சங்கிலியில் நின்ற ஹேமமாலினி. நாலைந்து பேர் சிரித்தார்கள். கன்னியம்மாவும் சிரித்துவைத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் பூரணி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தாள். கருநீலப் பனியன்களின் தோளிலும் முதுகிலும் வெள்ளைக் கைகள். ஒருத்தியின் பின்னலில்கூட ஐந்து விரல் பதிந்திருந்தது.

கன்னியம்மாவின் பனியன் கடையிலிருந்து வந்தபடியே இருந்தது.

"பார்த்தீங்களா மாஸ்டர்" என்றார் தணிகாசலம், குரலைத் தாழ்த்தி. "எதையோ தடவியிருக்கா. மாவுகூட ஒட்டல."

பூரணி வாளியில் கையை விட்டாள். கன்னியம்மாவின் முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். எடுத்தாள்.

ஐந்து விரலும் ரேகையோடு பதிந்திருந்தன.

கன்னியம்மா கழுத்தைத் திருப்பி அதைப் பார்க்க முயன்றாள். எட்டவில்லை. "இன்னொரு ஆட்டம் போடலாமா மாஸ்டர்?" என்றாள்.

குழாயடிக்குப் போய் வந்த இருவரும் ஈரக் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்கள்.

தணிகாசலம் தன் கையைப் பார்த்தார். பத்து நாளைக்கு முன் பனியன் கொடுத்த சாயங்காலம் நினைவுக்கு வந்தது. மற்ற எல்லோருக்கும் கையில் கொடுத்திருந்தார். ஒன்றை மட்டும் சுவர்மேல் வைத்துவிட்டு, எடுத்துக்கோ என்று சொல்லியிருந்தார்.

பூரணி பட்டியலை விரித்து அவரிடம் நீட்டினாள்.

"யார் பேரை அடிக்கணும்னு சொன்னீங்க, சார்?"