வெளிச்சம் பட்ட ஒரிஜினல்

பெரம்பூர் ரெஜினால்ட் மாஸ்டர் கிடார் வாசிப்பதைவிட அலட்டிக்கொள்வது அதிகம். அவருடைய இசைக்குழுவுக்கு ரிப்பேர் வேலை பார்க்கிற பரிமளா, கிடார் ஒலியை அலையாகச் சுழலவைக்கிற ஃபேஸர் பெடல் ஒன்றைத் தன் கையாலேயே செய்துகொண்டு வந்தாள். ஒத்திகையில் எல்லார் முன்னாலும் மாஸ்டர் அதன் மூடியைக் கழற்றினார்.

"உள்ளே இருக்க வேண்டிய ஆப்டோகப்ளர் சிப் எங்கே?"

"மூணு மாசம் அலைஞ்சேன் மாஸ்டர், கிடைக்கல. அதான் ஒரு எல்இடியையும், வெளிச்சத்தை உணர்ற எல்டிஆரையும் எதிரெதிரா வச்சு கறுப்பு ட்யூப்ல மூடிட்டேன். வேலை அதேதான்."

"டூப்ளிகேட்! என் பெடல்ல இருக்கிறது ஃபாரின் ஒரிஜினல். நாளைக்கே அந்த மாதிரி ஒரிஜினல் சிப்பைக் கொண்டு வா. இல்லேன்னா எந்த ட்ரூப்லயும் உனக்கு வேலை கிடையாது."

எங்குமே இல்லாத பொருளை எங்கே போய்த் தேடுவது? பரிமளா மாஸ்டரின் பெடலைப் பார்த்தாள்.

"ஒரிஜினல் எப்படி இருக்கும்னு பாத்துக்கறேன் மாஸ்டர். உங்க பெடலைத் திறந்து வச்சு வாசிங்க."

பெருமையாக வாசித்தார். ஒலி அலையலையாகச் சுழன்றது. பரிமளா செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தாள். சுழற்சி நின்றுபோனது. தன் பெடலை மாட்டி அதிலும் அடித்தாள். அது பாட்டுக்குச் சுழன்றது.

"ஒரிஜினல்னா ஃபாக்டரியிலேயே சீல் பண்ணியிருப்பாங்க, அதுக்குள்ள வெளிச்சம் புகாது மாஸ்டர். உங்களுதும் யாரோ கையால சுத்தினதுதான். டேப் விட்டுப்போச்சு."

டிரம்ஸ்காரர் சிரித்தே விட்டார். அந்தச் சிரிப்போடு அவள் வேலையும் போயிற்று. ஆறு மாதமாக எந்த ட்ரூப்பும் அவளைக் கூப்பிடவில்லை.

ஒரே ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே மாஸ்டரின் பெடலும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன: "உன்னுதையே போட்டுக் கொடு. மேலே ஃபாரின்னு எழுதிடு."